காதுமெசின் சரியாக வேலை செய்கிறதா? அளந்து பார்ப்பது எப்படி

புலம்பெயர்ந்த எமது வீடுகள் பலவற்றில் ஒரு லாச்சி இருக்கிறது. அதற்குள் பழைய கடவுச்சீட்டுகள், உடைந்த மூக்குக்கண்ணாடி, மருந்துச் சிட்டைகள் எல்லாம் கிடக்கும். அவற்றோடு ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு காதுமெசின்களும் கிடக்கும். அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ வாங்கியவை. வாங்கிய புதிதில் இரண்டு கிழமை போட்டார்கள். பிறகு, "இரையுது", "சத்தம் கேக்குது, ஆனா என்ன கதைக்கிறீங்கள் எண்டு விளங்கேல்லை" என்று கழற்றி வைத்துவிட்டார்கள்.

எமது வீட்டிலும் இதுதான் நடந்தது. ஊரில் அருகே ஷெல் விழுந்த நாளிலிருந்து அப்பாவுக்கு இடது காது மந்தம். வயது ஏற ஏற மற்றக் காதும் குறைந்தது. நாம் வாழும் ஜேர்மன் நகரத்தில் ஒரு கடையில் கருவிகள் வாங்கினோம். கணினியில் இணைத்து இருபது நிமிடத்தில் பூட்டி அனுப்பினார்கள். அப்பா ஒரு வருடத்துக்குள் சபையில் பேசாமல் இருக்கப் பழகிவிட்டார். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னார். மறதி தொடங்கிவிட்டது என்று நாமே எமக்குள் கதைக்கத் தொடங்கினோம். பிறகு வேறொரு நிபுணர் அந்தக் கருவிகளை அளந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இடது கருவியின் வடிகட்டியில் காதுக்குடுமி அடைத்து, அதிலிருந்து ஒலியே ஒழுங்காக வெளிவரவில்லை. வலது கருவி பழுதில்லை. ஆனால் அது அப்பாவின் காதுக்குத் தேவையான அளவை விட, முக்கியமான மீடிறன்களில் 15 டெசிபெல் குறைவாகவே கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு மறதி வரவில்லை. அவருடைய கருவிகளை எவரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த அளத்தல் என்றால் என்ன, அதற்கு என்ன உபகரணங்கள் உள்ளன, அவை காட்டும் எண்களையும் கோடுகளையும் ஒரு குடும்பம் எப்படி விளங்கிக்கொள்வது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மூன்று வேறு கேள்விகள்

செவிப்புலன் கருவி ஒன்று "நல்லது" என்று சொல்லும்போது மூன்று வேறு விடயங்கள் குழம்பிவிடுகின்றன.

முதலாவது: கருவி தயாரிப்பாளர் சொன்னபடி வேலை செய்கிறதா? இதற்குப் பதில் சொல்வது சோதனைப் பெட்டி. இங்கே மனிதக் காது தேவையில்லை.

இரண்டாவது: இந்தக் கருவி இந்தக் காதுக்குள் போதிய ஒலியைக் கொடுக்கிறதா? இதற்குப் பதில் சொல்வது காதுக்குள் வைத்து அளக்கும் நுண்குழாய் ஒலிவாங்கி.

மூன்றாவது: போட்டவருக்குப் பேச்சு விளங்குகிறதா? இதற்குச் சொற்பரிசோதனை உண்டு. எம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். அதைப் பின்னர் பார்ப்போம்.

ஒன்றுக்குக் கிடைத்த பதில் மற்றதற்குப் பதிலாகாது. பெட்டியில் முழுப் புள்ளி எடுத்த கருவி, அப்பாவின் காதில் தோற்றுப்போகலாம். எமது வீட்டு வலது கருவி அப்படித்தான் இருந்தது.

சோதனைப் பெட்டி

வெளியிலிருந்து பார்த்தால் இது தடித்த மூடியுள்ள சிறிய பெட்டி. உள்ளே கடற்பஞ்சு போன்ற மெத்தை பதித்து, அறையின் இரைச்சலும் எதிரொலியும் குறைக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் ஒரு ஒலிபெருக்கி, அளவறிந்த ஒலியைத் தரும். கருவியின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இன்னொரு ஒலிவாங்கி இருந்து, உள்ளே போகும் ஒலி சரியான அளவில் இருக்கிறதா என்று கண்காணிக்கும். கருவியிலிருந்து வெளிவரும் ஒலி, ‘கப்ளர்’ எனப்படும் சிறிய உலோகக் குழிக்குள் போகும். அதன் அடியில் அளவை ஒலிவாங்கி இருக்கும்.

அந்தக் குழியின் கொள்ளளவு 2 கன சென்ரிமீற்றர். இதை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரோமனோ 1942 இல் வெளியிட்ட கட்டுரையில் விபரித்தார். எண்பது ஆண்டுகள் கடந்தும் உலகம் முழுவதும் இதே அளவுக் குழிதான் பாவனையில் உள்ளது. இது மனிதக் காதின் நகல் அல்ல. எல்லாக் கருவிகளையும் ஒரே முறையில் ஒப்பிடுவதற்கான ஒரு பொதுப்படி. கடைக்காரர்கள் எல்லோரிடமும் ஒரே நிறைப்படி இருந்தால்தானே ஒரு கிலோ என்பது எல்லா இடத்திலும் ஒரு கிலோவாக இருக்கும்.

காதுக்குப் பின்னால் வைக்கும் கருவிக்கு ஒருவகைக் கப்ளர், காதுக்குள்ளே செருகும் கருவிக்கு இன்னொரு வகைக் கப்ளர். செருகும் கருவியைச் சுற்றி ஒட்டுக்களி வைத்து, ஒலி கசியாமல் அடைப்பார்கள். கசிவு இருந்தால் தாழ்ந்த மீடிறன்களில் கோடு விழுந்துவிடும். கருவி பழுது என்று பிழையாக நினைக்கவும் நேரும்.

அளக்கும் முறைகளுக்குச் சர்வதேச நியமங்கள் உள்ளன. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் ஐ.ஈ.சி. 60118 தொகுதி. அமெரிக்காவில் ஏ.என்.எஸ்.ஐ. எஸ் 3.22. அது முதலில் 1976 இல் வந்தது. கருவியோடு வரும் தொழில்நுட்பத் தாளில் உள்ள எண்கள் இந்த நியமங்களின்படி எடுக்கப்பட்டவையே.

தாளில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன?

மீடிறன் என்பது ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு. ஹேர்ட்ஸ் அதன் அலகு. தவிலின் தொப்பி தாழ்ந்த மீடிறன், நாதஸ்வரத்தின் உச்சம் உயர்ந்த மீடிறன். டெசிபெல் ஒலியின் உரப்பைச் சொல்லும். ஒரு மீற்றர் தூரத்தில் இருந்து இருவர் சாதாரணமாகக் கதைப்பது ஏறத்தாழ 60 முதல் 65 டெசிபெல்.

ஒலிப்பெருக்கம். வெளியே வந்ததிலிருந்து உள்ளே போனதைக் கழித்தால் வருவது. 60 டெசிபெல் உள்ளே போய் 85 வெளியே வந்தால், பெருக்கம் 25. இன்றைய கருவிகள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டுவதில்லை. மெல்லிய ஒலியை அதிகமாகவும், பலத்த ஒலியைக் குறைவாகவும் கூட்டும். ஆகவே ஒரே கருவிக்கு 50 டெசிபெலில் 30, 65 இல் 25, 80 இல் 17 என்று மூன்று பெருக்கங்கள் இருக்கலாம். "இந்தக் கருவியின் பவர் எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் இல்லாததற்கு இதுவே காரணம்.

உச்ச வெளியீடு. தாளில் ஓ.எஸ்.பி.எல். 90 என்று இருக்கும். 90 டெசிபெல் ஒலியைக் கருவிக்குக் கொடுத்து, அது அதிகபட்சம் எவ்வளவு வெளியே விடுகிறது என்று பார்ப்பது. இது பாதுகாப்பு எண். இது தேவைக்கு மேல் கூடினால், சட்டி விழுந்த சத்தத்துக்கே மனிதர் துடித்துப் போவார். மிச்சமிருக்கும் கேட்டலுக்கும் சேதம் வரலாம். மிகக் குறைந்தால் பலத்த ஒலிகள் எல்லாம் நசிந்து கேட்கும். அமெரிக்க நியமத்தின்படி, உச்ச வெளியீட்டின் முனை தாளில் சொன்னதை விட 3 டெசிபெலுக்கு மேல் கூடக்கூடாது.

மீடிறன் வளைகோடு. எந்த மீடிறனில் எவ்வளவு ஒலி வருகிறது என்பதைக் காட்டும் படம். புதுக் கருவியின் கோடும் இன்றைய கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்க வேண்டும். உயர்ந்த பக்கத்தில் கோடு சரிந்து விழுந்திருந்தால் வடிகட்டியில் குடுமியோ குழாயில் ஈரமோ இருக்கக்கூடும். முழுக் கோடும் கீழே இறங்கியிருந்தால் ஒலிவாங்கியோ உள்ளே உள்ள சிறிய ஒலிபெருக்கியோ பழுதாகியிருக்கலாம்.

ஒலித்திரிபு. கொடுக்காத ஒலியைக் கருவி தானே சேர்ப்பது. 500, 800, 1600 ஹேர்ட்ஸில் பார்ப்பது வழமை. நல்ல கருவியில் இது சில வீதத்துக்குள் அடங்கும். ஒரு கருவியில் இது 10 வீதத்தைத் தாண்டினால், "கரகரக்குது" என்று பெரியவர் சொன்னது வெறும் முறைப்பாடு அல்ல.

உள் இரைச்சல். அமைதியான இடத்திலும் கருவி தானாக உண்டாக்கும் இரைச்சல். மெல்லிய கேட்டல் குறைபாடு உள்ளவர்களை இது கூடுதலாகத் தொந்தரவு செய்யும்.

மின்னோட்டம். பற்றரியிலிருந்து கருவி எடுக்கும் அளவு. ஒரு கிழமை நிற்க வேண்டிய பற்றரி இரண்டு நாளில் முடிந்தால், இந்த எண்ணைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்றைய கருவிகள் தொடர்ச்சியான ஒற்றைச் சுருதியை இரைச்சல் என்றோ விசில் என்றோ கருதித் தாமே குறைத்துவிடும். ஆகவே நியமச் சோதனையின்போது இரைச்சல் குறைப்பு, விசில் அடக்கல் போன்ற வசதிகளை நிறுத்தி வைக்க வேண்டும். அவற்றை நிறுத்தாமல் எடுத்த கோட்டை வைத்துக் கருவியில் குற்றம் சொல்ல முடியாது.

எமது முதல் ஆலோசனை இதுதான். புதுக் கருவி வாங்கும் நாளிலேயே பெட்டியில் அளந்து, அந்தப் படத்தை அச்செடுத்துத் தரச்சொல்லுங்கள். வீட்டில் ஒரு கோவையில் வையுங்கள். ஒரு வருடம் கழித்து "முந்தி மாதிரிக் கேக்கேல்லை" என்று அம்மா சொல்லும்போது, மாறியது கருவியா காதா என்று அந்தத் தாள் சொல்லும்.

காதுக்குள் அளத்தல்

உலோகக் குழியின் கொள்ளளவு எல்லோருக்கும் ஒன்று. காதுகள் அப்படியல்ல. ஒருவரின் காதுக்குழாய் ஒடுக்கமானது, இன்னொருவருடையது அகலமானது. செருகும் முனையில் ஒருவருக்கு இடைவெளி இருக்கும், மற்றவருக்கு இருக்காது. ஒரே கருவி ஒரே அமைப்பில் இரண்டு காதுகளில் வேறு வேறு ஒலியைக் கொடுக்கும். கப்ளரில் அளந்ததை விட வளர்ந்தவரின் காதுக்குள், உயர் மீடிறன்களில் 10 டெசிபெல் அளவுக்குக்கூட வித்தியாசம் வரலாம்.

இதை அளக்க, தலைமயிர்ப் புல்லி போன்ற ஒரு மெல்லிய சிலிக்கன் குழாயைக் காதுக்குள் விடுவார்கள். அதன் மறுமுனை ஒரு ஒலிவாங்கியில் இணைந்திருக்கும். குழாயின் நுனி செவிப்பறைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றருக்குள் போக வேண்டும். காதுவாயிலின் கீழ்ப்பள்ளத்திலிருந்து பெண்களுக்கு ஏறத்தாழ 28 மில்லிமீற்றர், ஆண்களுக்கு 30 அல்லது 31 என்று குழாயில் அடையாளம் வைத்து விடுவது வழமை. அவ்வளவு ஆழம் போகாவிட்டால் உயர் மீடிறன்களின் அளவு பிழைத்துவிடும். நோவு இருக்காது. கொஞ்சம் கூச்சமாக இருக்கும், சிலருக்கு ஒரு இருமல் வரும். அதற்கு முன்பு காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குடுமி இருந்தால் அகற்ற வேண்டும்.

முதலில் கருவி இல்லாமல் வெறுங்காதை அளப்பார்கள். வளர்ந்தவரின் காதுக்குழாய், கருவி இல்லாமலே, 2700 ஹேர்ட்ஸுக்கு அண்மையில் ஒலியை ஏறத்தாழ 17 டெசிபெல் கூட்டிக் கொடுக்கிறது. கருவியைச் செருகிக் காதை அடைத்தவுடன் இயற்கை தந்த அந்தக் கூட்டல் போய்விடும். கருவி முதலில் அதை ஈடுசெய்ய வேண்டும். அதற்கு மேல்தான் அது தரும் உதவி தொடங்குகிறது. காதை அடைத்த கருவியின் ஒலியை நன்றாகக் கூட்டாமல் விட்டால், போடாமல் இருந்ததை விட மோசமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு குழாய் உள்ளே இருக்க, கருவியைப் பூட்டுவார்கள். முன்னால் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து மெல்லிய, நடுத்தர, பலத்த பேச்சொலிகள் வரும். பொதுவாக 55, 65, 75 டெசிபெல். கடைசியாகக் குறுகிய பலத்த சுருதிகளைக் கொடுத்து, உச்ச வெளியீடு தாங்கக்கூடிய எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து, பழகிய கைக்கு அரை மணித்தியாலம் தேவைப்படாது.

திரையில் வரும் படத்தைக் குடும்பத்தவரும் வாசிக்கலாம். ஒரு கோடு, அவருக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை. இன்னொரு கோடு, அவரால் தாங்க முடியாத உரப்பு. இடையில் பட்டையாக வருவது கருவியூடாகச் செவிப்பறைக்குப் போகும் பேச்சு. அந்தப் பட்டை கேட்கும் எல்லைக்கு மேலே நிற்க வேண்டும். கீழே கிடக்கும் பகுதி, சொல்லப்பட்டும் கேட்காத பேச்சு. அப்பாவின் படத்தில் 2000 ஹேர்ட்ஸுக்கு மேல் பட்டை முழுவதும் கோட்டுக்குக் கீழே கிடந்தது. ஒரு வருடமாக அவரிடம் நாம் சொன்னதில் பாதி எங்கே போனது என்று அன்றுதான் கண்டோம்.

இலக்கை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை ஊகிப்பதில்லை. அதற்குச் சூத்திரங்கள் உள்ளன. உலகில் அதிகம் பாவிக்கப்படுபவை இரண்டு. ஒன்று அவுஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வுகூடம் உருவாக்கிய என்.ஏ.எல். – என்.எல். 2. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், போரில் செவிப்புலன் இழந்த படைவீரர்களுக்காகவும், ருபெல்லா நோய்ப்பரவலால் செவிப்புலன் இழந்து பிறந்த குழந்தைகளுக்காகவும் தொடங்கிய பணியின் வழிவந்தது அந்த ஆய்வுகூடம். மற்றது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் உள்ள வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எஸ்.எல். குழந்தைகளுக்கு இதையே பல இடங்களில் விரும்பிப் பாவிக்கிறார்கள்.

ஓடியோகிராம் எனப்படும் கேட்டல் படத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒரு இலக்கை இவை தரும். அளந்த கோடு இலக்கிலிருந்து 5 டெசிபெல் அளவுக்குள் நிற்பதே நல்ல பொருத்தம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மிக உயர்ந்த மீடிறன்களில் கொஞ்சம் கூடுதலான இடைவெளியை அனுமதிப்பார்கள்.

கணினியில் இணைத்து, தயாரிப்பாளரின் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால், கருவி ஒரு தொடக்க அமைப்புக்கு வந்துவிடும். திரையிலும் இலக்கும் கோடும் ஒட்டி நிற்பதாகப் படம் வரும். அந்தப் படம் கணிப்பு. சராசரிக் காதை வைத்துக் கணினி போட்ட கணக்கு அது, அளவை அல்ல. இந்தத் தொடக்க அமைப்பு உயர் மீடிறன்களில் இலக்குக்குக் கீழே நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பேச்சின் மெய்யெழுத்துகள் இருக்கும் இடமும் அதுதான்.

இதில் தமிழ் எங்கே?

சொற்பரிசோதனை அந்தந்த நாட்டு மொழியில் நடக்கிறது. ஜேர்மனியில் ஃபிரைபேர்க் சொற்பரிசோதனையின் ஒற்றையசைச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அறுபது வயதில் நாடு விட்டு வந்தவருக்கு அந்தச் சொற்கள் காதில் விழுந்தாலும் வாயில் வராது. பிழையாகச் சொன்னது காதாலா மொழியாலா என்று பிரிக்க வழியில்லை. அப்பாவின் முதல் சோதனைத் தாளில் விளங்கும் வீதம் மிகக் குறைவாக இருந்தது. கருவி மாற்றியும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். நாமும் நம்பினோம்.

நுண்குழாய் ஒலிவாங்கிக்கு எந்த மொழியும் தெரியத் தேவையில்லை. பெரியவர் பேசாமல் இருந்தாலே போதும். மொழி தெரியாத எமது பெற்றோருக்கு மற்ற எவரையும் விட இந்த அளவை கூடுதலாகத் தேவைப்படுவது இதனாலேயே.

சோதனையில் ஒலிக்கும் பேச்சைக் கேட்டால் எந்த மொழி என்று பிடிபடாது. அது அமெரிக்க ஆங்கிலம், அரபு, சீனம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளைப் பேசும் ஆறு பெண்களின் குரலைச் சிறு துண்டுகளாக வெட்டி மாற்றி ஒட்டிய சர்வதேசச் சோதனைப் பேச்சு. தமிழ் அதில் இல்லை. அதனால் எமக்குப் பெரிய நட்டமும் இல்லை. 1994 இல் வெளியான ஒரு ஆய்வில், சிங்களம் உட்பட 12 மொழிகளின் பேச்சை அளந்து ஒப்பிட்டார்கள். நீண்ட நேரச் சராசரியில் மொழிகளுக்கிடையே வித்தியாசம் சிறியது என்று கண்டார்கள். அந்தப் பட்டியலிலும் தமிழ் இல்லை.

ஆனால் சராசரி வேறு, சொல் வேறு. யாழ்ப்பாணத் தமிழில் ‘பத்து’, ‘பட்டு’, ‘பற்று’ மூன்றும் வெவ்வேறாக ஒலிக்கும். ‘கல்’லையும் ‘கள்’ளையும் பிரிப்பது நாக்கு தொடும் இடம் மட்டுமே. இத்தகைய வேறுபாடுகளுக்கான ஒலிக்குறிப்புகள் பெரும்பாலும் 1500 ஹேர்ட்ஸுக்கு மேலேயே உள்ளன. வயதினாலும் வெடிச்சத்தத்தினாலும் முதலில் போவதும் உயர் மீடிறன்தான். உயிரெழுத்துகள் தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் ‘சத்தம்’ கேட்கிறது. மெய்யெழுத்துகள் நழுவுவதால் ‘கதை’ விளங்குவதில்லை.

இன்னொரு சிறு விடயம். என்.ஏ.எல். – என்.எல். 2 இல் பாவனையாளரின் மொழி சுருதிமொழியா என்று ஒரு கேள்வி உண்டு. சீனம், வியட்நாமியம் போன்றவை சுருதிமொழிகள். தமிழ் அப்படியல்ல. ஆசிய முகத்தைக் கண்டு எவராவது மாறித் தெரிவு செய்தால் தாழ்ந்த மீடிறன்களின் இலக்கு மாறிவிடும். கேட்டுச் சரிபார்ப்பதில் தவறில்லை.

குழந்தைகள் விடயத்தில் தாமதம் கூடாது

பெரியவர் "கூடிப்போச்சு", "காணாது" என்று சொல்வார். ஆறு மாதக் குழந்தை சொல்லாது. குழந்தையின் காதுக்குழாய் மிகச் சிறியது. சிறிய இடத்துக்குள் அதே ஒலி கூடுதல் அழுத்தமாகும். கப்ளரில் பார்த்ததை விட உயர் மீடிறன்களில் 15 முதல் 20 டெசிபெல்கூட அதிகமாகலாம். ஊகித்துக் கூட்டினால் மிச்சக் கேட்டலுக்கு ஆபத்து, ஊகித்துக் குறைத்தால் பிள்ளைக்குப் பேச்சு வராது.

குழந்தையை அரை மணித்தியாலம் அசையாமல் வைத்திருக்க முடியாது. அதனால் காதுக்கும் கப்ளருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சில விநாடிகளில் அளந்துகொள்வார்கள். மிகுதி வேலை முழுவதையும் பெட்டியில் செய்வார்கள். பிள்ளை வளர வளர காது வளரும், வித்தியாசமும் மாறும். காது அச்சு புதிதாகச் செய்யும் ஒவ்வொரு முறையும் இதை மீண்டும் அளக்க வேண்டும். "இந்த முறையும் அளந்தீர்களா?" என்று பெற்றோர் கேட்பது அவசியம்.

ஊருக்கு அனுப்பும் கருவிகள்

புதுக் கருவி கிடைத்தவுடன் பழையதை ஊரில் உள்ள உறவுக்கு அனுப்பும் வழக்கம் எம்மிடம் உண்டு. நல்ல மனதுதான். ஆனால் ஒருவரின் மூக்குக்கண்ணாடியை இன்னொருவருக்குப் போட்டுவிடுவது போன்றது இது. அதைவிட ஆபத்தும் உண்டு. பலத்த குறைபாடு உள்ளவருக்கு அமைத்த கருவி 130 டெசிபெலைத் தாண்டியும் வெளியிடக்கூடும். மெல்லிய குறைபாடு உள்ளவர் அதை நேரடியாகப் போட்டால் இருக்கும் செவிப்புலனும் போகும்.

அனுப்ப விரும்பினால் முதலில் பெட்டியில் அளந்து, திரிபும் உச்ச வெளியீடும் தாளில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய அமைப்பை அழிக்கச் சொல்லுங்கள். அந்த மாதிரிக்குரிய மென்பொருளும் இணைப்பும் அங்குள்ள நிபுணரிடம் இருக்கிறதா, பற்றரி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊரின் வெக்கையிலும் வியர்வையிலும் ஈரம் சீக்கிரம் உள்ளே போகும். ஈரம் உறிஞ்சும் குளிசைகள் போட்ட ஒரு சிறு போத்தலையும் சேர்த்து அனுப்புங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

கைத்தொலைபேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலிகள் சோதனைப் பெட்டிக்கு ஈடாகாது. ஆனாலும் வீட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு.

பற்றரி சோதிக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி வையுங்கள். மஞ்சள் 10, மண்ணிறம் 312, செம்மஞ்சள் 13, நீலம் 675 என்று நிறத்தாலேயே அளவை அறியலாம். இவை காற்றை எடுத்து வேலை செய்பவை. ஒட்டியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் நன்று.

கருவியைப் பூட்டிக் கேட்கும் ஒரு குழாய், வைத்தியரின் இதயத்துடிப்புக் குழாய் போல, மலிவாகக் கிடைக்கும். நல்ல காதுள்ள ஒருவர் கிழமைக்கு ஒருமுறை அதில் கேட்டுப் பார்த்தாலே, கரகரப்பும் ஒலி விட்டுவிட்டு வருவதும் தெரிந்துவிடும். பலமான கருவியாக இருந்தால் ஒலியைக் குறைத்துவிட்டே கேட்க வேண்டும்.

டானியல் லிங் என்ற கல்வியாளர் உருவாக்கிய ஆறு ஒலிச் சோதனை எந்த மொழிக்கும் பொருந்தும். ‘ம்’, ‘ஊ’, ‘ஆ’, ‘ஈ’, ‘ஷ்’, ‘ஸ்’ ஆகிய ஆறும் தாழ்ந்த மீடிறனிலிருந்து உயர்ந்த மீடிறன் வரை பரவி நிற்பவை. வாயை மறைத்துக்கொண்டு, ஒரு மீற்றர் தூரத்திலிருந்து, ஒழுங்கை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நேற்றுக் கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள்.

போகும்போது கேட்க வேண்டியவை

மொழி தயக்கமாக இருந்தால் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. காதுக்குள் குழாய் வைத்து அளப்பீர்களா? இல்லாவிட்டால் ஏன்?
2. எந்தச் சூத்திரத்தின் இலக்கைப் பாவிக்கிறீர்கள்?
3. மெல்லிய, நடுத்தர, பலத்த பேச்சு மூன்றுக்கும் அளந்தீர்களா? உச்ச வெளியீட்டையும் பார்த்தீர்களா?
4. பெட்டியில் அளந்த படத்தின் பிரதி தருவீர்களா?
5. சொற்பரிசோதனையில் மொழி தெரியாதது கணக்கில் எடுக்கப்பட்டதா?

அளவை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கோடு இலக்கில் நின்றாலும், உட்காதின் சேதம் கூடியிருந்தால் பேச்சு தெளிவாக விளங்காமல் போகலாம். கலியாண மண்டபத்துச் சத்தத்தில் எந்தக் கருவியும் திணறும். பல காலம் கேட்காமல் இருந்த ஒலிகளுக்கு மூளை பழகச் சில கிழமைகள் வேண்டும். முதல் நாள் கடதாசி கசங்குவதே இடிமுழக்கம் போல இருக்கும். ஆனால் அளந்த பிறகு வரும் சிக்கலுக்குக் காரணம் தேடலாம். அளக்காத கருவியில் எதைத் தேடுவது?

சில உபகரணங்களில் நேரடிக் குரலை வைத்தும் அளக்கலாம். அப்பாவுக்கு அளந்த நிபுணர், இலக்குக்குக் கருவியைக் கொண்டுவந்த பிறகு, எமது மகளை முன்னால் இருத்தித் தமிழில் ஏதாவது சொல்லச் சொன்னார். "அப்பப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள் பிள்ளை. திரையில் பட்டை எழுந்து கோட்டுக்கு மேலே வந்தது. "ஓம் பிள்ளை, காலமை சாப்பிட்டனான்" என்றார் அப்பா. அவள் தமிழ் கதைப்பாள் என்பதையே அவர் கிட்டத்தட்ட மறந்திருந்தார்.

உங்கள் வீட்டு லாச்சியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அளக்கச் சொல்லுங்கள்.